முதல் வயலின் நாற்காலி

நான்கு பேரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. மேற்கத்திய இசை: இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, தரையில் ஊன்றி வாசிக்கும் ஒரு செல்லோ. மற்றவர்களை வழிநடத்தும் முதல் வயலின்காரரைக் கேப்டன் என்பார்கள். வியோலாக்காரர் முன்பு பல் மருத்துவராக இருந்தவர், இங்கேயும் டாக்டர்தான். செல்லோ வாசிப்பவன் இரண்டாம் வயலின் வாசிப்பவளுக்குச் சொந்தத் தம்பி. அவன் வார்த்தைக்கு வார்த்தை 'அக்கா' என்று கூப்பிட்டதில், அவளைவிட ஏழு வயது மூத்த கேப்டனுக்கும் அவள் அக்காவாகிப்போனாள்.

ஒரு சனிக்கிழமை கேப்டனைத் தவிர மற்ற மூவருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. 'இந்த மாதக் கடைசியோடு விலகிக்கொள்கிறேன். காரணம் கேட்க வேண்டாம்.' கீழே கேப்டனின் கையெழுத்து.

தம்பி போனில் பதறினான். "என்னக்கா இது? வியாழக்கிழமை கச்சேரி நல்லாத்தானே போச்சு?"

டாக்டரோ, "காரணம் கேக்காதீங்கன்னு எழுதியிருக்காரு. கேட்டா நல்லா இருக்காதும்மா" என்று முடித்துக்கொண்டார்.

அக்காவும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து முதல் வயலினுக்கான இசைக்குறிப்புத் தாள்களை எடுத்தாள். காது அறிந்த வரிகள்தாம், விரல்களுக்குத்தான் புதிது. ஞாயிறும் திங்களும் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். கணவர் எட்டிப் பார்த்து, "யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை, சைக்கிள் கடை மாடியில் ஒத்திகை. கேப்டன் எப்போதும் போல் பத்து மணிக்கு வந்தார். ஜன்னல் சரியாக மூடவில்லை என்று கடைக்காரரைத் திட்டினார். "அக்கா, ரெண்டாவது பக்கத்துல வில்லை அழுத்தாதீங்க" என்றார். அடுத்த வருஷக் கச்சேரிகளுக்குத் தேதி குறித்தார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாதம் முடிந்தது. மறுநாளும் அவர் வந்தார். அக்காவுக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல் வந்தது. போகிறேன் என்றவர் போகாமலிருந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? தனக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒத்திகை முடிந்ததும் படிக்கட்டில் அவரை நிறுத்தினாள்.

"போறீங்களா, இருக்கீங்களா? கடிதம் போட்டீங்களே."

கேப்டனின் முகம் வெளுத்தது. "அது உங்களுக்கு வந்துச்சா?"

மோசமான கச்சேரிக்குப் பிறகெல்லாம் அப்படி எழுதிக் கிழித்துப் போடுவது அவர் வழக்கம். இந்த முறை மூன்று பேருக்கும் எழுதி, கிழிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். மனைவி தபாலில் சேர்த்துவிட்டாள்.

"அனுப்பச் சொல்லல அக்கா. ஆனா ஸ்டாம்ப் ஒட்டினது நான்தான். ஏன் ஒட்டினேன்னு எனக்கே புரியல."

"அன்னிக்கு மோசமா வாசிக்கலையே?"

"உங்களுக்கெல்லாம் நல்லா இருந்துச்சு. வாசிக்கறப்ப எனக்கு ஒண்ணுமே தோணல. அதான் பயந்துட்டேன்."

அவளுக்குப் பாவமாக இருந்தது; கூடவே மனசு குறுகுறுத்தது. "நான் உங்க பகுதியப் படிச்சிட்டேன்" என்று போட்டு உடைத்தாள்.

"எவ்வளவு?"

"முழுசும்."

அவர் இரண்டு படி இறங்கினார், மறுபடியும் ஏறி வந்தார். "அப்போ நாளைக்கு நீங்க என் எடத்துல உக்காருங்க."

மறுநாள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷமும் தம்பி கேப்டனின் முழங்கையைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பான். இப்போதும் அந்த முழங்கையைத் தேடி, ஐந்தாம் வரியிலேயே வழி தவறினான். கேப்டன் தப்பான இடத்தில் நுழைந்தார். ஆனால் அவர் முன்னால் சாய்ந்து உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி அவரை அவள் பார்த்ததே இல்லை. மூன்றாம் முறைதான் கடைசி வரை போக முடிந்தது.

"இது நாமதானா?" என்றார் டாக்டர். பாராட்டா, குறையா என்று தெரியாமலே மறுபடி வில்லை எடுத்தார்கள்.

அதன்பின் பதினோரு வருஷம் வாசித்தார்கள். யார் முதல் வயலின் என்பதைக் கச்சேரியன்று காலையில்தான் முடிவு செய்வார்கள். அப்படியும் சில நாள், மேடையில், இரண்டு பேரும் இரண்டாம் நாற்காலிக்கே போய் முட்டிக்கொண்டு நின்றார்கள்.