நீல வெளிச்சம்

ரீட்டா செய்த விளக்கில் ஒரே ஒரு குறைதான். அது எரிவது யார் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது.

உள்ளங்கை அகலத் தகடு. அதில் ஊசிமுனை அளவில் ஆயிரக்கணக்கான குழிகள், ஒவ்வொன்றிலும் துளி வாயு. மின்சாரம் பாய்ந்தால் குழிக்குக் குழி குட்டி மின்னல் வெட்டும். அதிலிருந்து கிளம்பும் புற ஊதாக்கதிர் தண்ணீரிலுள்ள கிருமியைக் கொல்லும். திருச்சிக் கல்லூரியில் வாரமெல்லாம் தங்கி, தூக்கத்தைத் தொலைத்துச் செய்ததை, ஆவூர்ப் பக்கம் தான் வாழ்க்கைப்பட்ட ஊரின் குடிநீர்த் தொட்டியில் பொருத்தியிருந்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? பெட்டியின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, "மின்மினிப்பூச்சியப் புடிச்சு அடைச்சிருக்கா" என்று சிரித்தது. ரீட்டாவும் கூடச் சிரித்தாள். அவள் கணவன் ஜெஸ்வின் சிரிக்கவில்லை.

ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்கா திருவிழா முடிந்த கையோடு தெருவே வயிற்றுப்போக்கில் படுத்தது. தொட்டிக்கு மோட்டார் போடும் அருள்சாமியின் பேத்தி, விராலிமலை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறக் கிடந்தாள். சேதி கேட்டுத் திருச்சியிலிருந்து ஓடிவந்த ரீட்டாவை அவர் கோயில் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"நீலமா அம்புட்டு வெளிச்சமா எரிஞ்சுச்சே! அத நம்பித்தானம்மா கொதிக்க வைக்காம குடுத்தோம்!"

"விடு ரீட்டா, தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்" என்று ஜெஸ்வின் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்த ஆறுதலில் உருகி அழுதாள், பைத்தியக்காரி. அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. நீலமா?

நேரே தொட்டிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். தகடு இல்லை. கல்யாணப் பந்தலில் தொங்குகிற நீல பல்பு ஒன்று பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த ஜெஸ்வின் தலையைக் குனிந்தான். "திருவிழாவுக்கு என் கூட்டாளிக வந்திருந்தாங்க. ஒன்னயக் கேலி பண்ணுனா எனக்கு அசிங்கமா இருக்காதா? பெட்டியில ரெண்டுக்கும் எடமில்ல. ஒன்னோடத பீரோவுல பத்திரமாத்தான் வச்சிருக்கேன்."

"அங்க என்னய நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டப்பவும் ஒங்களுக்குத் தெரியும்ல?"

"ரிப்பேருன்னு சொல்லிரு. ஒன்னய மன்னிச்சிருவாங்க, என்னய விடமாட்டாங்க."

கழற்றியதைக்கூடப் பொறுத்திருப்பாள். தோளில் வைத்த அந்தக் கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் தகட்டை மாட்டினாள். அருள்சாமி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். "மினுக்கு மினுக்குன்னுதான் இருக்கு. அந்த நீலம் எங்கம்மா?"

ஜெஸ்வினின் கை மறுபடியும் அவள் தோளுக்கு வந்தது. அதைத் தட்டிவிட்டாள்.

"அது என் வெளக்கு இல்ல மாமா. மாட்டுனவரு இந்தா நிக்கிறாரு, கேளுங்க."