திரையில் ஓடிய பகா எண்கள்

‘சின்டாக்ஸ் எரர்’ என்று திரையில் மறுபடியும் விழுந்தபோது பாக்கியமேரி டீச்சர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபது வருஷமாகக் கணக்கு எடுப்பவர். அடுத்தவர் விடையைச் சிவப்பு மையால் சுழித்துத்தான் பழக்கம். தன் விடையை யாராவது தப்பு என்று சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்பது அவருக்கே ஞாபகமில்லை.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கோடை. ஜூன் முதல் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்க அனுமதி வந்திருந்தது. அதற்கென்று தனி ஆசிரியர் யாரையும் போடவில்லை. இருக்கிற கணக்கு, இயற்பியல் ஆசிரியர்களையே தயார் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். பட்டுக்கடை ஒன்றின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பயிற்சி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏசி குளிரில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். பின்சந்தில் ஓடும் விசைத்தறிகளின் அதிர்வு மட்டும் தரைவழியாக வெறுங்காலுக்கு வந்துகொண்டிருந்தது.

“நாளையிலருந்து நான் வரலைங்க,” என்றார் பயிற்சி கொடுத்த வனிதாவிடம். வனிதாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். “எச்.எம். கிட்ட வேற ஆளைப் பாக்கச் சொல்லிடறேன்.”

பக்கத்து மிஷினில் இருந்த, தெள்ளார் பள்ளியிலிருந்து வந்திருந்த சம்பந்தம் சார் திரும்பினார். “நீங்க போய்ட்டா உங்க ஸ்கூல்ல வேற யாருங்க இருக்காங்க? நானும்தான் தெனம் இதுகிட்ட திட்டு வாங்கிகினு இருக்கேன். ஒரே பேஜாரு. இன்னா பண்றது?”

வேறு யாரும் இல்லைதான். பிரிவு தொடங்காவிட்டால், அதைப் படிக்கவென்று வேலூருக்கு எந்த வீட்டில் பெண்ணை அனுப்பப்போகிறார்கள்?

“புக்ல இருக்கறத விடுங்க டீச்சர்,” என்றாள் வனிதா. “உங்களுக்கு ரொம்பத் தெரிஞ்ச ஒரு கணக்க இதுக்குச் சொல்லிக் குடுங்க.”

பாக்கியமேரி உட்கார்ந்தார். பகா எண்கள். ஒவ்வொரு வருஷமும் நூறு வரைக்கும் கரும்பலகையில் எழுதிப்போடுவார். ஓர் எண்ணை எதனாலெல்லாம் வகுத்துப் பார்க்கவேண்டும், மீதி வராவிட்டால் என்ன, வந்தால் என்ன என்று, ஒன்றுமே தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல வரிவரியாகத் தட்டினார். எரர் வந்தது. திருத்தினார். மறுபடி ‘ரன்’ கொடுத்தார்.

இரண்டு. மூன்று. ஐந்து. திரை நிரம்பி மேலே நகர ஆரம்பித்தது. நூற்றைத் தாண்டியது, ஆயிரத்தைத் தாண்டியது. எங்கே நிற்கவேண்டும் என்று சொல்ல மறந்துபோயிருந்தார். அவர் ஒருநாளும் எழுதியிராத எண்கள், யாரும் கூப்பிடாத காலத்திலிருந்தே அங்கே காத்திருந்தவைபோல, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பாக்கியமேரியின் கை தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டது.

“லிமிட் குடுக்கல டீச்சர், அதான். நிறுத்திடவா?”

“இரும்மா. கொஞ்சம் ஓடட்டும்.”

சம்பந்தம் சார் எழுந்து வந்து பின்னால் நின்றார். சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த டீச்சரும் வந்தார்.

பாக்கியமேரி மறுநாளும் வந்தார். பயிற்சி முடியும் வரைக்கும் வந்தார். ஜூனில் பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. முதல் வகுப்பில் பெண்கள் அதைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கூட்டச் சொன்னார், கூட்டியது. பெரிய பெரிய எண்களைப் பெருக்கச் சொன்னார், கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து பரிமளா என்கிற பெண் கேட்டாள்:

“மிஸ், சைபரால வகுக்கச் சொன்னா இது இன்னா பண்ணும்?”

“வெடிச்சிடும்டீ,” என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

சைபரால் வகுக்கக் கூடாது என்று எத்தனை வகுப்புகளில் சொல்லியிருக்கிறார். வகுத்தால் இந்த இயந்திரம் என்ன செய்யும் என்று பயிற்சியில் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. பொய்யாக ஏதாவது சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

“எனக்குத் தெரியலம்மா,” என்றார். இருபது வருஷத்தில் வகுப்பறையில் அவர் அப்படிச் சொன்னதில்லை. சொன்னபிறகு உடம்பு லேசானது. “நீயே வந்து போடு. பாத்துடலாம்.”

பரிமளா தாவணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தேடித் தட்டினாள். கடைசியில் சைபர். என்டர் பொத்தானுக்கு மேலே அவள் விரல் நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பாக்கியமேரி டீச்சரும் அவர்களோடு குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.