மர்டோவின் காலி ஜாடி

வைமாரோ பள்ளத்தாக்கில் வாரன் பெல்ச்சர் சுட்ட மானின் தோலுக்கடியிலிருந்து எடுத்த குண்டு, அவன் மாமியாரின் பல் செட்டாக விரிந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் கோணல், அந்தம்மாவுக்கும் அப்படித்தான். ஈயக் குண்டு மானில் பட்டதும் முனை மலர்ந்து காளானாவது உலக வழக்கம். அந்த ஏப்ரலிலிருந்து எங்கள் பள்ளத்தாக்கில் அது காளானாவதை நிறுத்திவிட்டு, வீட்டில் தானே தோட்டாவை நிரப்புகிறவன் குண்டைப் பித்தளைக் கூட்டின் வாயில் வைத்து நெம்புகோலை அழுத்தும் நொடியில் எதை நினைத்தானோ அதுவாக மலர ஆரம்பித்தது. அதே வாரம் டீசல் விலை நாலு சென்ட் ஏறியது. ஊரில் அதற்குத்தான் அதிகம் பேச்சு.

பாதிரியாரின் குண்டு ஒரு தட்டு வறுத்த மீனாக வந்தது. இன்னொருவனின் குண்டு பக்கத்து வீட்டுக்காரனின் புல்வெட்டும் எந்திரமாக வந்தது. மறுநாளே அவன் இரவல் வாங்கியிருந்த எந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். எதையும் நினைக்காமல் இருக்க வேண்டி ரேடியோவில் கிரிக்கெட் வைத்துக்கொண்டு நிரப்பியவர்களுக்கு வரிசையாக ஸ்டம்புகள் வந்தன. கடைத் தோட்டா வாங்கியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், பல் விளக்க ஆள் வைத்துக்கொள் என்று சொன்னமாதிரி முறைப்பான். அடுத்தவர் நிரப்பிய தோட்டாவைச் சுடுகிற வழக்கமும் கிடையாது. வெடிமருந்து ஒரு சிட்டிகை கூடினால் துப்பாக்கியோடு முகமும் போகும். புருஷன் பெண்டாட்டிக்குள்ளேகூட அந்தப் பேச்சு வராது.

குண்டுகளைத் தோண்டி எடுப்பவள் ரோயிமாட்டா. மான்களைத் தோலுரித்து வெட்டிப் பொட்டலம் கட்டித் தரும் கொட்டகை அவளுடையது. கிடைத்த குண்டைக் கழுவி, அவரவர் பெயர் எழுதிய ஜாம் ஜாடியில் போட்டு ஜன்னலோரம் வைப்பாள். இருபத்தாறு ஜாடிகளில் இருபத்தைந்து நிறைந்து வழிந்தன. மர்டோ கில்ஃபெடரின் ஜாடி மட்டும் பதினொரு வருடமாகக் காலி. அதையும் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் கழுவித் துடைத்து வைத்தாள்.

"என்னய்யா இது, உன் மான்ல மட்டும் இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை. குண்டைக் காணோம். அப்படி என்னத்த ஒளிக்கிற?" என்பாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மர்டோ நடையைக் கட்டுவான்.

ஒளித்தது அவளைத்தான். வேலி போடுகிறவன், ஐம்பத்துமூன்று வயது, ஆறடி உயரம், அவள் பேரைச் சொன்னால் காது சிவக்கும். தோட்டா நிரப்ப உட்கார்ந்தால் அவளைத் தவிர வேறு நினைப்பே ஓடாது. ஆகவே ஈயத்தை விட்டுவிட்டு முழுச் செம்பில் கடைந்த கெட்டிக் குண்டாக வாங்கினான். துப்பாக்கி தாங்கும் மட்டும் மருந்தை ஏற்றினான். குண்டு மானின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறி, அவன் காதலையும் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய் விழுந்தது. இப்படியே பதினொரு ஏப்ரல் போயிற்று. பாவி மனுஷன்!

பன்னிரண்டாவது ஏப்ரலில் வாரன் மர்டோவின் வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "விஷயம் தெரியுமா? ரோயிமாட்டா கொட்டகையப் பூட்டிட்டு பிரிஸ்பேன்ல அவ அக்காகிட்டப் போறாளாம். ஞாயித்துக்கிழம பிளேனு. எங்க மாமியாரையும் கூட்டிட்டுப் போயேன்னேன், எம் பொண்டாட்டி ஜாய்ஸ் கரண்டியால அடிச்சா."

வாயால் சொல்ல மர்டோவால் ஆகாது. அது அவனுக்கே தெரியும். குண்டு சொல்லட்டும் என்று முடிவுகட்டினான். மெத்தென்ற ஈயக் குண்டு வாங்கினான். மருந்தைக் குறைத்தான். வேகம் அதிகமானால் ஈயம் சிதறிப்போகும், ரொம்பக் குறைந்தால் மலராது. நிதானமாகப் போனால்தான் முழுசாக மலர்ந்து எதிர்ப்பக்கத் தோலுக்கடியில் தங்கும். மான் சதைக்குப் பதிலாகப் பழைய டெலிபோன் புத்தகங்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடுக்கிச் சுட்டுப் பார்த்தான். முதல் குண்டு அவளுடைய முழங்கையாக வந்தது. இரண்டாவது அவளுடைய ரப்பர் பூட்ஸ். மூன்றாவது அவளுடைய தும்மல். தும்மலை ஈயத்தில் எப்படிச் செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள், பார்த்தவுடன் தெரிந்தது. மூன்றையும் உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்தான்.

சனிக்கிழமை காலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடைசித் தோட்டாவை நிரப்ப உட்கார்ந்தான். அவள் சிரிப்பை நினைக்க வேண்டும், மரியாதையாக, பூட்ஸ் இல்லாமல். கண்ணை மூடினான், நெம்புகோலை அழுத்தினான். அந்த நொடி பார்த்து அடுப்பிலிருந்து கருகல் வாசனை வந்தது. ஐயோ, மாவுக்குள் கறியைப் பொதிந்து அடுப்பில் வைத்த கறிப்பை! பாதி நெம்புகோலிலேயே நினைப்பு அடுப்புக்கு ஓடிவிட்டது. வேறு குண்டு இல்லை, கடை திங்கட்கிழமைதான் திறக்கும். தலையில் அடித்துக்கொண்டு அதையே எடுத்துப் போனான்.

மத்தியானம், கத்திக்கொண்டே ஓடையைத் தாண்டிய கலைமான் ஒன்று அந்த ஒரே குண்டில் விழுந்தது. எதிர்ப்பக்கத் தோலில் ஓட்டை இல்லை. கைவைத்தால் உள்ளே சின்னதாக ஒரு மேடு தட்டுப்பட்டது. மர்டோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

ரோயிமாட்டா கொட்டகையில் பாதி சாமான்களைப் பெட்டியில் கட்டியிருந்தாள். மானைத் தடவிப் பார்த்து, அவனை நிமிர்ந்து பார்த்து, கத்தியை எடுத்தாள். குழாயடியில் குண்டைக் கழுவி உள்ளங்கையில் வைத்தாள். ஒரு கறிப்பை. நடுவில் நேராக இரண்டாக வெட்டியது. பக்கத்துக்கு ஒரு முள்கரண்டி.

"ரெண்டு பேருக்கா?"

"ஆமாங்க."

"ஒரு ஓரம் கருகியிருக்கே."

"அதுவும் ஆமாங்க" என்றான் மர்டோ. காது பழுக்கக் காய்ந்திருந்தது.

அவள் ஏப்ரன் பையில் கைவிட்டு ஒரு தோட்டாவை எடுத்தாள். "போன வருஷம் நீ விட்டுட்டுப் போன காலிக் கூடு. ஜாய்ஸ் வீட்டு மெஷின்ல நானே நிரப்பினேன். இதுக்கு முந்தி ஒண்ணுகூட நிரப்பினதில்ல. பின்னால மண்மேட்டுல டெலிபோன் புக்கு ஊறிக்கிட்டு இருக்கு. சுடுவியா?"

அடுத்தவர் தோட்டா. அதுவும் அவள் நிரப்பிய முதல் தோட்டா. மருந்து எவ்வளவு என்று கேட்பதற்கு எந்த மடையனுக்கும் தோன்றும். மர்டோ கேட்கவில்லை. துப்பாக்கியில் போட்டான், கன்னத்தை அதன் கட்டையில் நன்றாகப் பதித்தான், சுட்டான். முகம் முகமாகவே இருந்தது.

ஈரக் காகிதத்தைக் கிழித்துக் குண்டை அவளே எடுத்தாள். தொப்பி வைத்த ஓர் ஆறடி ஆள், பின்பக்கம் மட்டும். நடையைக் கட்டும் அவசரம் தோள்பட்டையிலேயே தெரிந்தது.

"பதினொரு வருஷமா எனக்குத் தெரிஞ்ச மர்டோ இதுதான். கொஞ்சம் திரும்பித்தான் நில்லேன்யா."

அவன் திரும்பி நின்றான். தொப்பியையும் எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஒரு இருக்கை காலியாகவே பிரிஸ்பேன் போனது. இரண்டு குண்டுகளும் மர்டோவின் ஜாடியில் இருக்கின்றன; கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் அதை இப்போது அவன் கழுவுகிறான். ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற குண்டு, அந்த வருடக் கடைசியில் ஜாடிக்குள் தானாகவே திரும்பிக்கொண்டது. வாரன் பார்த்துவிட்டு, மூக்கு கொஞ்சம் பெரிசு என்றான்.