யார் போட்ட பிரேக்?

எங்கள் குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி எடுக்கிறவர், மற்ற எல்லோருக்கும் டீயும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டும் வாங்கித் தர வேண்டும். மற்ற டிரைவர்கள் வாழ்நாளில் ஓரிரு முறை வாங்கித் தருவார்கள். நான் நான்கு வருடத்துக்கு ஒருமுறை தருகிறேன். இதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

"சேலை மாத்தற மாதிரி காரை மாத்துது நம்ம ஜெஸிந்தாக்கா" என்று சிரித்துக்கொண்டே தின்பார்கள். தின்னட்டும். என் முதல் வண்டியில் ஏர்பேக்கே கிடையாது. அடுத்ததில் முன்னால் இரண்டு இருந்தன. அதற்கடுத்தது ஈர ரோட்டில் வழுக்கினால் தானே சமாளித்துக்கொள்ளும். இப்போது இருப்பது, எதிரே ஏதாவது நின்றால் தானே பிரேக் போடும். என்னை நம்பி ஏறுகிறவர்கள் மேட்டுப்பாளையம் வரும்வரை வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்கள். அந்தத் தூக்கத்துக்கு நான் செய்கிற மரியாதை இது.

ஸ்டாண்டில் மூத்தவரான பொன்ராஜண்ணனுக்கு மட்டும் இது பிடிக்காது. அவர் வண்டிக்கும் அவர் மகள் மாலதிக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"கை கால் நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்குங் அம்மணி தானா பிரேக் போடற வண்டி? ஓட்டத் தெரிஞ்சாப் போதாதுங்களா?" என்பார்.

எனக்குச் சுருக்கென்று இருக்கும். இத்தனை வருடமாக இந்த மலையில் ஓட்டுகிறேன். 'நல்லா ஓட்டறீங்க' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அந்த வார்த்தைக்கு நான் ஏங்கினேன் என்பதுதான் உண்மை.

போன மாதம் ஒரு காலையில் அவரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். மாலதிக்கு எட்டாம் மாதம். கோயமுத்தூர் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"உங்க வண்டியிலதான் போவோம்னு ஆத்தாளும் மகளும் ஒத்தக்கால்ல நிக்கறாங்க. சாவியக் குடுங், நானே ஓட்டறேன்."

"சாவியெல்லாம் குடுக்கறதில்லீங்கண்ணா. ஏறி உக்காருங்க."

மாலதியும் அவள் அம்மா இசக்கியம்மாவும் பின்னால் ஏற, அவர் முன் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்தார். மலை இறக்கத்தில் பர்லியார் நெருங்கும்போது ரோட்டில் பனி இறங்கியிருந்தது. இரண்டாவது கியரில் மெதுவாகத்தான் இறக்கினேன். ஒரு வளைவில் மாலதிக்குக் குமட்டியது. இங்கே எந்த டாக்ஸியிலும் அதற்கென்று ஓர் எலுமிச்சம்பழம் முன்னால் இருக்கும். நான் அதை எடுத்து, தலையைத் திருப்பிப் பின்னால் நீட்டினேன்.

கண் சிமிட்டும் நேரம்தான். வளைவு முடிகிற இடத்தில் விளக்குப் போடாமல் ஒரு காய்கறி லாரி நின்றுகொண்டிருந்தது.

கீ கீயென்று கார் கத்தியது. நான் காலை வைப்பதற்குள் பிரேக் தானாக உள்ளே போயிருந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, எஞ்சின் அணைந்து நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம்தான் மிச்சம். பொன்ராஜண்ணனின் இரண்டு கால்களும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தன.

"மாலதி!" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்லீங்க்கா" என்றாள், வயிற்றை இரு கைகளாலும் பிடித்தபடி. மாதாவே என்று என் வாய் தானாகச் சொன்னது. எஞ்சினை மறுபடி போட்டு, லாரியைச் சுற்றி மெதுவாக வண்டியை எடுத்தேன்.

மறுநாள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீயும் வர்க்கியும். யாரும் புது வண்டி எடுக்கவில்லை. வாங்கித் தந்தவர் பொன்ராஜண்ணன்.

"என்ன பிரேக்குங்கறீங்க! பேத்தியோ பேரனோ, அது அம்மணி காலு குடுத்த உசுரு. இவங்கள மாதிரி ஓட்ட இந்த மலையில ஒருத்தனும் இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏங்கிய வார்த்தை வந்தேவிட்டது. வர்க்கியைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வர்க்கியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"பிரேக் போட்டது நானில்லீங்கண்ணா. பழம் குடுக்கத் திரும்பிட்டேன், லாரியப் பாக்கவே இல்ல. கார்தான் போட்டுச்சு."

 ஸ்டாண்டிலேயே இளைய டிரைவரான கமலேஷ் கிளுக்கென்று சிரித்தான். "அப்ப நீங்க என்னதாங்க்கா பண்ணுனீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. நிமிர்ந்து நின்றேன்.

"அந்தக் கார வாங்குனேன்."

யாரும் சிரிக்கவில்லை. பொன்ராஜண்ணன் டீ ஆறும்வரை என் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அடுத்த வண்டி எடுப்பீங்கல்லங் அம்மணி, அப்ப இத வேற யாருக்கும் குடுத்துராதீங்."