ஒரு வயரும் வெட்டாமல்

எமிலிக்கு அந்த மோட்டார் சைக்கிள் கிடைத்த அன்று, அவள் விழுந்தெழும்புவதைப் பார்க்க ஊர்காவற்றுறையில் பாதிப் பேர் தெருவுக்கு வந்து நின்றார்கள். அவள் விழவில்லை. வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகி, மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டி, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒரே ஓட்டமாக வந்து தன் வீட்டு வேலியோடு நிறுத்தினாள். கர்ப்பிணிகளைப் பார்க்கப் போகிற மருத்துவமாதுமார் எல்லோரும் சைக்கிள் உழக்கித் திரிந்த எழுபத்துநாலாம் ஆண்டு அது. இடமாற்றத்தில் போன ஒரு சுகாதாரப் பரிசோதகர் விட்டுப்போன அரசாங்க வண்டி, கொட்டிலில் கிடந்து துருப்பிடிப்பதைக் கண்டு, பெரிய டொக்டரிடம் அவளே போய்க் கேட்டு வாங்கினாள். தாதிமாரை மிஸி என்று கூப்பிடுகிற அந்தத் தீவு முழுவதும் அன்றிலிருந்து அவளுக்கு ‘மோட்டார் மிஸி’ என்று பெயர்.

நல்ல வண்டிதான். மணல் ஒழுங்கையிலும் முக்காமல் ஓடும். ஆனால் பற்றரி இறங்கிவிட்டால் எவ்வளவு உதைத்தாலும் கிளம்பாது. வந்த புதிதில் அந்தத் தொல்லை இருக்கவில்லை. மாசி பிறந்த பிறகுதான் தொடங்கியது. காலையில் ஒரே உதையில் கிளம்பும். மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்பிப் போய் உதைத்தால் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிவிடும். ஹோர்னை அமத்தினால் பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனாள். அங்கே சார்ச் ஏற்றி, வண்டியில் ஒரு பிழையும் இல்லை, ஓட்டுகிற ஆளில்தான் பிழை என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எமிலிக்கு நாலைந்து நாள் சோற்றில் கல்லாகக் கடிபட்டது.

“பழசு, எமிலி,” என்றான் அவள் புருசன் லியோன். “திருப்பிக் குடுத்திட்டு முந்தின மாதிரி சைக்கிளிலை போம். உமக்கேன் இந்தக் கரைச்சல்?”

லியோன் இரவில் கடலுக்குப் போகிறவன். விடியப் பிடிபட்ட மீனை விற்றுவிட்டு, மத்தியானம் வரை நித்திரை கொண்டு, பிறகு வீட்டுக்குப் பின்னால், கரையிலுள்ள தன் வலைக் கொட்டிலான வாடியில் போய் இருப்பான். கோபக்காரன் அல்ல. பெண்சாதி மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்து மற்றவர்கள் நக்கலடித்தபோது, “உங்கட மனுசிமாருக்கு ஏலுமெண்டா ஓடச் சொல்லுங்கோவன்” என்று வாயடைத்தவன் அவன்தான். அப்படிப்பட்டவன் இப்போது திருப்பிக் கொடுக்கச் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை.

அந்தக் கிழமைதான் எமிலியின் தம்பி யாக்கோப்பு லீவில் வந்து இறங்கினான். வெளிநாட்டுக் கப்பலொன்றில் எஞ்சின் அறையில் வேலை. அவனுடைய பெட்டிக்குள் சவர்க்காரமும் உண்டு, சட்டைத் துணியும் உண்டு, துறைமுகச் சந்தைகளில் கண்டதையெல்லாம் வாங்கிச் சேர்த்த இரும்புச் சாமானும் உண்டு. அக்கா வியர்த்து வழிய வண்டியை உதைப்பதைப் பார்த்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்ன வட்ட மீற்றரை எடுத்துக்கொண்டு வந்தான். கைமணிக்கூட்டைவிடக் கொஞ்சம் பெரியது. கண்ணாடிக்குள் ஒரு முள்ளும் எட்டு வரை இலக்கங்களும்.

“இது வோல்ற் மீற்றர், அக்கா. பற்றரியிலை எவ்வளவு கிடக்கெண்டு காட்டும். ஓட்டத்திலை இறங்குதோ, நிப்பாட்டி வைக்கேக்கை இறங்குதோ எண்டு தெரிஞ்சாப் பாதி வருத்தம் பிடிபட்டமாதிரி.”

எமிலிக்கு முகம் மலர்ந்தது. காய்ச்சல்காரருக்குத் தெர்மாமீற்றர் வைக்கிறவளுக்கு அந்த நியாயம் உடனே பிடித்துப்போயிற்று.

லியோனுக்குப் பிடிக்கவில்லை. “உது அரசாங்கச் சொத்து. ஒரு வயரை வெட்டினாலும், அவை உம்மட சம்பளத்திலை வெட்டுவினம். ஓட்டை போடவும் ஏலாது, வெட்டவும் ஏலாது. சொல்லிப்போட்டன்.”

“ஒரு வயரும் வெட்டமாட்டன், அத்தான்,” என்றான் யாக்கோப்பு. “ஒரு ஓட்டையும் போடமாட்டன். வேண்டாமெண்டாப் பேந்து கழட்டிப்போட்டு, இருந்த மாதிரியே குடுக்கலாம்.”

“அதெப்பிடி?”

“நிண்டு பாருங்கோவன்.”

லியோனுக்கு நிற்கவும் மனமில்லை, போகவும் மனமில்லை. வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தான்.

யாக்கோப்பு முதலில் பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டான். பிறகு முன்லைற்றின் வளையத்தைத் திருகி எடுத்தான். உள்ளே வர்ணம் வர்ணமாக வயர்கள், நண்டுக் குடல் போலச் சுருண்டு கிடந்தன. எமிலி குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு வயரும் ஒரே நீளமாகப் போகவில்லை. இடையில் ஒன்றின் நுனியிலிருந்த பித்தளைக் குமிழ் மற்றதன் வாய்க்குள் செருகப்பட்டிருந்தது. இழுத்தால் கழலும், அழுத்தினால் பொருந்தும்.

“இதுதான் வழி,” என்றான் யாக்கோப்பு. “கறுப்பு வயர், திறப்பைத் திருப்பினாத்தான் உயிர் வரும். இந்த இடத்திலை இதைக் கழட்டுறம். நடுவிலை எங்கட துண்டை வைக்கிறம்.”

அந்தத் துண்டைக் காலையிலேயே செய்து வைத்திருந்தான். சாண் அளவு வயர். ஒரு நுனியில் குமிழ், மறு நுனியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு வாய். பழைய இணைப்புக்கு நடுவே அதைச் செருகினான். ஒரு வாயில் வண்டியின் வயர் முன்போலவே போய் உட்கார்ந்தது. மற்ற வாயில், சின்ன ஃபியூஸ் ஒன்றைத் தாண்டி, மீற்றரின் சிவப்பு வயர். மீற்றரின் மற்ற வயரை வண்டியின் இரும்புடம்பில் ஏற்கெனவே இருந்த ஒரு திருகாணியின் கீழ் வைத்து இறுக்கினான். மீற்றர் நிற்பதற்கு ஒரு தகரப் பட்டையை வளைத்து, செருப்பு றப்பரைக் கீழே வைத்து, பக்கக் கண்ணாடியின் தண்டோடு சேர்த்துப் பூட்டினான். ஓட்டை இல்லை. வெட்டு இல்லை.

பற்றரியை மறுபடி மாட்டி, எமிலி திறப்பைச் சாவித்துளையில் போட்டுத் திருப்பினாள். முள் துள்ளி எழுந்து ஆறைத் தாண்டி நின்றது. உதைத்ததும் வண்டி கிளம்பியது. கைப்பிடியை முறுக்க முறுக்க முள் ஏழை நோக்கி நகர்ந்தது.

“ஓடேக்கை நல்லாத்தான் சார்ச் ஏறுது,” என்றான் யாக்கோப்பு. “அப்ப உங்களிலை பிழையில்லை அக்கா.”

“கராச்சுக்காரனுக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வா,” என்றாள் எமிலி. வண்டியை நிறுத்திவிட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தாள். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தை ஈர்க்குச்சியில் தொட்டு, ஆறைத் தாண்டி முள் சுகமாக நிற்கிற இடத்தில் கண்ணாடிமேல் ஒரு பொட்டு வைத்தாள். லியோன் அந்தப் பொட்டை ஒரு தரம் பார்த்தான். பிறகு கிழிந்த வலையைப் பொத்தவேண்டும் என்று சொல்லி வாடிப் பக்கம் நடந்துவிட்டான்.

அதற்குப் பிறகு எமிலி அந்த முள்ளை, நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். காலையில் திறப்பைத் திருப்பினால் பொட்டில் நிற்கும். கரம்பொன், நாரந்தனை எல்லாம் சுற்றிவந்து மத்தியானம் நிறுத்தும்போதும் பொட்டில் நிற்கும். சாப்பிட்டு எழும்பி வந்து பார்த்தால் பொட்டை விட்டு இறங்கியிருக்கும். எல்லா நாளும் அல்ல. திங்கள் இறங்கியது, செவ்வாய் இறங்கவில்லை, புதன் இறங்கியது. யாக்கோப்பு சொன்னபடி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பற்றரியின் முனையைக் கழற்றிவிட்டே படுத்தாள். எழும்பி, முனையை மாட்டிப் பார்த்தபோது முள் இன்னும் கீழே.

யாக்கோப்பு தலையைச் சொறிந்தான். “கழட்டி விட்ட பற்றரி தன்பாட்டிலை ஒரு மணித்தியாலத்திலை இவ்வளவு இறங்காது. அதுவும் கிழமை பாத்து இறங்காது. வண்டிக்குத் திங்களும் செவ்வாயும் தெரியுமே, அக்கா?”

 வண்டிக்குத் தெரியாதது வீட்டில் ஆருக்கோ தெரியும் என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை அவள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. வாசல் படலையடியில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. புளியங்கூடல் வல்லிபுரம். புகையிலைத் தோட்டக்காரர், மற்ற நேரங்களில் அளந்து பேசுகிறவர்.

“மிஸி, மருமேளுக்கு நோத் தொடங்கீட்டுது! தலைப்பிள்ளை. கெதியா வாருங்கோ!”

“நீங்கள் முன்னுக்குப் போங்கோ ஐயா. நான் உங்களை வழியிலை முந்துவன்.”

கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள். பெட்டியைக் கட்டி, திறப்பைத் திருப்பினாள். முள் சைபரில் கிடந்தது. அசையவேயில்லை. இருக்கைக்குக் கீழே பக்க மூடியைத் திறந்தாள். பற்றரி இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அப்போது வாடியிலிருந்து ஒரு பெண் விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது.

எமிலி போய்த் தட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே வலைக் குவியல்மேல் ஆறு ஆம்பிளைகள் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். நடுவில், ஏதோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய, பாண்பெட்டி அளவான றேடியோ. அதிலிருந்து வந்த இரண்டு வயர்கள் அவளுடைய பற்றரியைக் கவ்வியிருந்தன. அழுதது றேடியோவில் ஓடிக்கொண்டிருந்த தொடர் நாடகத்துப் பெண். மாமியார் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட கமலினி என்ற அந்தப் பெண்ணோடு சேர்ந்து, சுறா பிடிக்கிற சவிரிமுத்துவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நாடகமெல்லாம் வேலையில்லாத பெட்டையளின் விசர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற லியோன் தாடையில் கை வைத்துக் கண் கலங்கியிருந்தான்.

ஆறு பேரும் அவசரமாகக் கண்ணைத் துடைத்தார்கள். கமலினி மட்டும் அழுதாள்.

“சின்ன றேடியோவுக்குப் போடுற ரோச் பற்றரி ஒரு கடையிலும் இல்லை, எமிலி,” என்றான் லியோன். “இந்த றேடியோ கனக்கக் குடிக்கும் எண்டு எனக்குத் தெரியாது. பேந்து தெரிஞ்சது. தெரிஞ்சாப் பிறகு சொல்ல வெக்கமாப் போச்சு.”

“கேட்டுப் பாத்தனீங்களே என்னட்டை?”

“கேட்டா ஊருக்குச் சிரிப்பெண்டு...”

“இவ்வளவு நாளும் என்னைப் பாத்து ஊர் சிரிச்சது. அது உங்களுக்கு நல்லா இருந்ததோ?”

அவன் தலை குனிந்தான். எமிலிக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. ஆனால் புளியங்கூடலில் ஒரு பிள்ளை புறப்பட்டுவிட்டது.

“பிறகு கதைப்பம். பற்றரியைக் கொண்டாங்கோ.”

லியோன் அந்த வேகத்தில் பற்றரி மாட்டி அவள் ஒருநாளும் கண்டதில்லை. மாட்டியும் பயனில்லை, முள் ஐந்துக்குக் கிட்டவே நின்று நடுங்கியது. உதைத்தால் இருமல்கூட வரவில்லை.

“ஏறி இரும்!” என்றான் லியோன். “நாங்கள் தள்ளுறம்!”

ஆறு பேரும் சாரத்தை மடித்துக் கட்டினார்கள். மணல் ஒழுங்கை முழுவதும் வள்ளம் தள்ளுகிறபோது போடுகிற சத்தத்தையே போட்டுக்கொண்டு தள்ளினார்கள். தார் றோட்டில் ஏறியதும் ஓட்டம் பிடித்தது. எமிலி கியரைப் போட்டுக் கிளச்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, படபடவென்று உயிர்த்து, அவர்களை விட்டுப் பாய்ந்தது. சவிரிமுத்து குப்புற விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கையைத் தட்டினார். எமிலி கீழே ஒரு கண் வைத்தாள். முள் ஆறுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

சொன்னபடியே அவள் வல்லிபுரத்தாரைப் பாதி வழியில் முந்தினாள். போய்ப் பார்த்தால், பிள்ளைக்கு அவள் நினைத்த அவசரம் இருக்கவில்லை. வாயிற்படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்ட மாதிரி நோவும் ஓய்ந்திருந்தது. வல்லிபுரத்தாரின் மனைவி யோகம்மா கோப்பி கொண்டுவந்தாள். குசினிக்குள் றேடியோ, நாடகத்தின் இடையில் போடுகிற பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டுகள் முடிய நாடகம் தொடர்ந்தது. மருமகள் கட்டிலில் கிடந்தபடியே, “மாமி, கொஞ்சம் கூட்டி விடுங்கோ” என்றாள். அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே எமிலியும் கேட்டாள். கமலினிக்கு என்ன நடந்தது என்று கேட்டு முடிந்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு மறுபடி நோ எடுத்தது. பொழுது சாயமுன் நல்ல நிறையோடு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. கத்திய கத்தில் மாட்டுக்கொட்டிலில் நின்ற கன்று மிரண்டது.

எமிலி வீட்டுக்கு வந்தபோது ஆறு பேரும் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். யாக்கோப்பு படலையில் குந்தி, நடந்ததையெல்லாம் கேட்டுச் சிரித்து ஓய்ந்துபோயிருந்தான்.

“பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்,” என்றாள் எமிலி.

“மாதாவே!” என்று ஆறு பேரும் மூச்சு விட்டார்கள்.

லியோன் முன்னுக்கு வந்தான். “எமிலி, நான் செய்தது பெரிய பிழை. இனி உம்மட பற்றரியிலை கை வைச்சா என்ரை கையை முறிச்சு விடும்.”

“உங்கட கை எனக்குத் தேவை,” என்றாள் அவள். “திரும்பவும் தள்ளவேண்டி வந்தால் ஆர் தள்ளுறது?”

அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. ஆனால் அவர்கள் போகவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் சவிரிமுத்து, முழங்காலில் உரசிய காயத்தைத் தடவியபடி வாய் திறந்தார்.

“பிள்ளை, நாங்கள் வண்டி தள்ளப் போனதிலை மிச்சத்தைக் கேக்கேல்லை. அந்தக் கமலினிப் பிள்ளை கிணத்தடிக்குப் போனதோடை நிக்குது. நீர் போன இடத்திலை... றேடியோ ஏதும்...?”

எமிலி வண்டியை வேலியோடு நிறுத்தி, திறப்பை எடுத்து இடுப்பில் செருகினாள்.

“கேட்டனான்,” என்றாள். “முழுக்கக் கேட்டனான்.”

“குதிச்சவளே?”

“முதல்லை எனக்கு ஒரு தேத்தண்ணி வேணும்.”

லியோன் குசினிக்கு ஓடினான். ஆருக்கோ கதிரை எடுத்துவர நினைவு வந்தது. எமிலி சாவகாசமாக உட்கார்ந்து, தேத்தண்ணியை ஆற்றி, கமலினி கிணற்றடிக்குப் போனதிலிருந்து தொடங்கினாள். றேடியோக்காரர் பத்து நிமிடத்தில் முடித்ததை அவள் இருட்டும் வரைக்கும் சொன்னாள். மாமியாரின் குரலை அவள் எடுத்த எடுப்பில் சவிரிமுத்து மறுபடி அழத் தொடங்கினார்.

யாக்கோப்பு கப்பலுக்குத் திரும்புவதற்கு முன், எங்கோ ஓர் அரைக்கும் ஆலைக்காரரிடமிருந்து பழைய லொறிப் பற்றரி ஒன்றைத் தேடிக்கொண்டு வந்து, அந்தப் பன்னிரண்டு வோல்ற்றில் றேடியோவுக்கு ஆறே போதும் என்பதால் அதன் பாதியிலிருந்து வயர் எடுத்து வாடி றேடியோவுக்குப் பூட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு நாடகம் நடக்கிற நாட்களில் எமிலி மத்தியான நித்திரையை விட்டுவிட்டாள். தட்டிக்குப் பக்கத்தில், காற்றுப் படுகிற இடமாகப் பார்த்து, அவளுக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.