செங்கல் வைத்த மூலை

எதையாவது கோணலாகப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாக அதுதான் வேலை. மேலே உட்கார்ந்து நசுக்கியதை எல்லாம் கொண்டுவந்து, "தானா வளைஞ்சிருச்சு" என்பார்கள். சூடு காட்டி, காம்பை நிமிர்த்தி, அவர்கள் மூக்கில் உட்காரவைத்து அனுப்புவேன். அப்படிப்பட்டவள், சொந்த வீட்டுச் சுவரில் விட்ட வெடிப்பை இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தேன். பார்த்தேன், சமைத்தேன், வேலைக்குப் போனேன். போன வருடத்திலிருந்து எல்லாமே கடனே என்றுதான் நடக்கிறது.

வெடிப்பு வந்தது பின்மூலையில், மகளுடைய அறையின் வெளிச்சுவரில். மகள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. பதினேழு வயது, ஐந்து நாள் காய்ச்சல். எல்லாம் முடிந்து வந்த அன்று என் கணவர் அந்த அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. அதற்குப் பிறகு அவரும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டதும் கிடையாது. கூடத்தில் அந்தப் பக்கம் நடக்க நேர்ந்தால் இரண்டு பேர் கண்ணும் தரைக்குப் போய்விடும்.

அந்தக் கோடையில் ஐந்து மாதமாக மழை இல்லை. வீட்டைச் சுற்றியிருந்த மண் சுவரை விட்டு விலகி, விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. அடுத்த வீட்டுக்காரி இரண்டு தடவை சொன்ன பிறகுதான் என் கணவர் கொத்தனாரைக் கூப்பிட்டார். இந்த வீட்டைக் கட்டியவர் அவர்தான். சட்டைப் பையில் எப்போதும் சின்ன ரசமட்டம் ஒன்று இருக்கும். போகிற இடமெல்லாம், நாற்காலி மேலேகூட, அதை வைத்து மட்டம் பார்ப்பார். அதனால் அவருக்குப் பெயரே ரசமட்டம். என்னைத் தங்கச்சி என்பார். அந்த உரிமையில் என் கணவரை மாப்பிள்ளையாக்கிவிட்டார்.

சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சுவத்துல ஒரு தப்பும் இல்ல தங்கச்சி. கீழ இருக்கிற களிமண்ணு பண்ற வேலை. ஈரம் பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும். இந்த மூலைக்கு அடியில மண்ணு சுருங்கிப்போச்சு, அஸ்திவாரம் இறங்குது. உள்ள எவ்வளவு ஓடியிருக்குன்னு பாக்கலாம், வாங்க."

கூடத்துக்கு வந்து மகள் அறைக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். ம்ஹூம்.

"மூலை இறங்கினதுல நிலை கோணிக்கிச்சு, கதவு மேல பிடிக்குது. இழைச்சுவிட்டா தொறந்துக்கும். ஆனா இப்ப இழைச்சா, வீடு திரும்ப நிமிர்றப்போ கதவு லொடலொடன்னு ஆடும்."

"வேண்டாம் வேண்டாம்" என்றார் என் கணவர், கேட்பதற்கு முன்பே. சொல்வதற்கென்ன, எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

வைத்தியம் எளியது. வரிசையாக ஓட்டை போட்ட ஹோஸ் பைப்பைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, வீட்டைச் சுற்றிப் போட வேண்டும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, சொட்டுச் சொட்டாக.

"பிளவுக்குள்ள மட்டும் நேரா ஊத்திராதீங்க. வீட்டைக் குளிப்பாட்ட வேண்டாம், குடிக்கக் குடுத்தா போதும். நாலு பக்கமும் ஒரே அளவா இருக்கணும் மாப்ள, அதுதான் முக்கியம்."

என் கணவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். ஆறு மணி என்றால் ஆறு மணி. குழாயைத் திறப்பார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் பிடித்து வைத்த மாதிரி நிற்பார், மூடுவார். உள்ளே வருவார், சாப்பிடுவார், படுப்பார்.

ஒன்பதாம் நாள் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். பைப் மூன்று பக்கம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் மகள் அறைப் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் பைப்பை மடக்கி, மேலே ஒரு செங்கல் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மண் பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. அவரைத் தவிர வேறு யார் வைத்திருப்பார்கள்? எனக்குக் கோபம் வரவில்லை. துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

அவர் ஏன் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. என் காரணம் எனக்குத் தெரியும். அவளுக்குக் கண்ணாடியோடு தூங்குகிற வழக்கம். வாரம் ஒரு முறை, "அம்மா, மறுபடியும்" என்று இளித்துக்கொண்டு நிற்பாள். கடைசித் தடவை எனக்கு அலுப்பு. ஊருக்கெல்லாம் நிமிர்த்திவிட்டு வீட்டிலும் இதே வேலையா என்று, "ஞாயித்துக்கிழமை பாக்கலாம், போடி" என்றேன். வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. அந்தக் கண்ணாடி இன்னும் அவள் மேஜை மேல்தான் இருக்கிறது. கதவு திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அந்தச் செங்கல் நழுவி, தண்ணீர் அந்தப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது. நான்தான் காலால் தள்ளிப் பழைய இடத்தில் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ரசமட்டம் வந்தார். முன்பு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைந்த வெடிப்பில் இப்போது பென்சிலே நுழைந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு பைப்பைத் தொடர்ந்து போனவர், திருப்பத்தில் நின்றார்.

"எந்த மகராசன் இங்க செங்கல்லை வெச்சது?"

"நான்தான்" என்றார் என் கணவர்.

"நானும்தான்" என்றேன்.

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார். மகளைத் தூக்கிப் போனவர்களில் ரசமட்டமும் ஒருவர். மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, மூணு பக்கம் எழும்புது, இது மட்டும் இறங்குது. நாலு பக்கமும் காஞ்சு கிடந்திருந்தாக்கூட இவ்வளவு மோசமில்ல. இன்னும் ஒரு மாசம் இப்படி விட்டா, இந்த ரூம் வீட்டை விட்டுக் கழண்டுக்கும். அப்புறம் இடிக்கத்தான் வேணும். இடிக்கிறதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க. நான் வர மாட்டேன்."

அவர் போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். ஆறு மணிக்கு என் கணவர் குனிந்து செங்கல்லை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி மதிலோரம் வைத்தேன்.

பத்தொன்பது நாள் தண்ணீர் போயிற்று, நாலு பக்கமும். இருபதாம் நாள் மாலை நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் குழாய்க்குக் கிளம்ப மணி பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கிர்ரென்று ஒரு சத்தம். யாரும் தொடாமல் அந்தக் கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது.

அவர் தள்ளினார், நான் முதலில் போனேன். கட்டில், தலையணை எல்லாம் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புத் தூள். மேஜை மேல் கண்ணாடி, இடது காம்பு வெளிப்பக்கம் வளைந்தபடி அப்படியே இருந்தது. அதிலும் தூள். முந்தானையால் துடைத்தேன்.

"சரி பண்ணிடேன்" என்றார்.

"யாருக்குங்க?"

அவள் இல்லை என்பதை நாங்கள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் கட்டில் விளிம்பில் தூளோடு தூளாக உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. காம்பை உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். கடையில் செய்கிற மாதிரியே, சரியாக உட்காருகிறதா என்று என் மூக்கில் போட்டுப் பார்த்தேன். அவள் பவர் எனக்குச் சேராது. எதிரே உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, வெறும் மங்கல். ஆஸ்பத்திரிக்கு இதைப் போடாமல்தானே போனாள்? அந்த ஐந்து நாளும் நாங்கள் அவளுக்கு இப்படித்தானே தெரிந்திருப்போம்?

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை மாதமாக வராதது வந்தது. அவர் எழுந்து வந்து கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, என் கையில் கொடுத்தார்.

அன்று குழாயைத் திறக்கும்போது மணி ஆறு நாற்பது. கதவை யாரும் சாத்தவில்லை.