ஒன்பதாம் நாள் தளம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, தியாகராய நகர் அலுவலகத்தில் அமர்ந்தபடி, தம்முடைய வாழ்க்கையைப் பற்றித் தாமே அறிந்திராத பல செய்திகளை நஸ்ருன்னிசா தெரிந்துகொண்டார். ஓய்வு நேரங்களில் அவர் எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டுபவராம். ஆண்டுதோறும் இமயமலைக்குச் சென்று மலையேறுபவராம். சிகரத்தின் தனிமையில்தான் கட்டடங்களைப் பற்றிய கனவுகள் பிறக்கின்றனவாம்.

வணிக மாத இதழ் ஒன்று, கட்டுமான நிறுவனத் தலைவர்களிடம் பணி, கலை, சாகசம் என்று மூன்று கேள்விகள் கேட்டு வெளியிடும் பக்கத்துக்காக, அவர் பெயரில் தயாராகியிருந்த விடைகள் அவை. அவற்றை விளம்பர நிறுவனத்தைக் கொண்டு எழுதி வாங்கியிருந்தவர், அவருடைய கட்டுமான நிறுவனத்தில் பங்குதாரராகிய தம்பி ஃபைசான். நஸ்ருன்னிசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே தொலைபேசியில் அழைத்தார்.

“ஃபைசான், நான் எப்பப்பா இமயமலை ஏறினேன்?”

“ஏஜென்சி எழுதிக் குடுத்தது ஆபா. எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க. போன மாசம் ஒருத்தர் பாராசூட்ல குதிச்சேன்னு போட்டிருந்தாரு. அவருக்கு மாடிப்படி எறங்கவே ரெண்டு ஆள் புடிக்கணும்.”

“பரங்கிமலை ஏறவே நான் ரெண்டு எடத்துல உக்காருவேன். படம் வரைவேனாம்! வீட்டுல கோலமாவு டப்பா கூடக் கெடையாது.”

“கோவப்படாதீங்க. பதினோரு மணிக்கு அடையாறு சைட்டுக்கு வந்து சிரிச்ச மொகமா உக்காருங்க, போதும். அந்த நீட்டுத் தளத்துக்கு அடியில சேர் போட்டு எடுக்கறாங்க. ஜாக்கியெல்லாம் கேமராவுக்கு மறைக்குதாம். சுவர் பக்கம் ரெண்டு வரிசை எடுக்கச் சொல்லியாச்சு.”

நஸ்ருன்னிசா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“இன்னிக்கு ஒம்போதாவது நாள்டா!”

அடையாறு காந்தி நகரில், ஒரு நடனப் பள்ளிக்காக அவர்கள் கட்டிவந்த அரங்கத்தின் சிறப்பே அந்தத் தளம்தான். முற்றத்தின் மேல் பன்னிரண்டு அடி, கீழே ஒரு தூண்கூட இல்லாமல், சுவரை மட்டும் பற்றிக்கொண்டு நீளும். கான்கிரீட் முழு வலிமை பெற இருபத்தெட்டு நாள்கள் ஆகும். அதுவரை ஜாக்கி என்று அழைக்கப்படும் இரும்பு முட்டுகள் அதைத் தாங்கி நிற்க வேண்டும். கழற்றும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். அத்தகைய தளத்துக்கு வலுவான கம்பிகள் மேற்புறத்தில் இருக்கும். சுவர்ப்பக்கத்து முட்டுகளை முதலில் எடுத்துவிட்டால், தளம் சுவருக்கும் நுனிக்கும் இடையே பாலம்போல் தொங்கத் தொடங்கும். அதன் அடிப்புறம் அந்த இழுவைக்காக அமைக்கப்பட்டதன்று.

மேஸ்திரி அய்யாதுரையை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நடக்கும்போது அவருடைய தொலைபேசி சாப்பாட்டுப் பையில் உறங்கும் என்பது நிறுவனம் முழுவதும் அறிந்ததே.

கோட்டூர்புரம் பாலத்தின் மேல் கார் ஊர்ந்தது. நஸ்ருன்னிசாவின் சினம் மட்டும் ஊராமல் ஓடியது. கலையாம், கலை! பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு தளத்தை நான்கு விரற்கடை விளிம்போடு கொண்டுபோய் நிறுத்துவது கலையில்லையோ? கம்பி கட்டியவர்கள் எட்டு நாள் குந்தியிருந்து ஒவ்வொரு முடிச்சாக முறுக்கினார்களே, அதைக் கேட்க ஓர் இதழுக்கும் கேள்வி கிடைக்கவில்லையோ? முப்பது ஆண்டுகளாக வெயிலில் நின்ற பெண்மணிக்கு, மதிப்பு வேண்டுமென்றால் கையில் தூரிகையும் காலில் மலையேறும் காலணியும் மாட்டிவிட வேண்டுமோ? சாகசமாம்! மலையேறுபவர் விழுந்தால் அவர் ஒருவர் விழுவார். தளம் விழுந்தால் அடியில் யார் இருப்பார்கள் என்று அந்த விளம்பரக்காரர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? தம்பிதான் எண்ணினானா? இன்று அவனையும் விடுவதில்லை, அய்யாதுரையையும் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

முற்றத்தில் இதழாளர் சான்ட்ரா, கையில் அந்தக் கேள்வி-விடைத் தாளுடன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நஸ்ருன்னிசாவின் கண்கள் அவரைத் தாண்டிச் சென்றன. சுவர்ப்பக்கத்தில் இரண்டு வரிசை முட்டுகள் இல்லை. நுனிப்பக்கத்தில் இரண்டு வரிசைகள் மட்டும் நின்றன. நடுவில், மெத்தை தைத்த நாற்காலி ஒன்று அவருக்காகக் காத்திருந்தது.

“யாரும் அடியில போகாதீங்க! அய்யாதுரை, இன்னும் ஒண்ணு மேல கை வெச்சீங்கன்னா பாருங்க! உங்களுக்குத் தெரியாதா? நேத்து வேலைக்கு வந்தவரா நீங்க? இருபது வருஷமா தளம் போடுறீங்க. ஒரு போட்டோவுக்காக இப்படிச் செய்வீங்களா?”

அய்யாதுரை கையுறையை மெதுவாகக் கழற்றினார்.

“திட்டுங்க மேடம். ஆனா ஒரு நிமிசம் இத்தப் பாத்துட்டுத் திட்டுங்க.”

சாப்பாட்டுப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்துவந்து நீட்டினார். வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில், திங்கட்கிழமை காலை அவர் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. “மேடம் நாளைக்கு 9வது நாள்தான். ஃபைசான் சார் சுவர் பக்கம் 2 வரிசை ஜாக்கி எடுக்க சொல்றாரு. எடுக்கலாமா.” அதன் கீழே, நஸ்ருன்னிசாவின் பெயரோடு, மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல் உயர்ந்து நின்றது.

“சார் சொல்லி நான் செய்யல மேடம். உங்கள கேட்டேன். எஞ்சினியர் அம்மாவே சரின்னுட்டாங்க, இன்னாவோ கணக்கு கீதுன்னு நெனச்சிட்டேன்.”

நஸ்ருன்னிசா அந்தச் செய்தியை இரண்டாம் முறை படித்தார். திங்கட்கிழமை, வண்டியில் போகும்போது, நாற்பதுக்கும் மேற்பட்ட செய்திகளுக்கு ஒரே மூச்சில் கட்டைவிரல் பதித்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. சிமெண்ட் வந்ததற்கு ஒன்று. தண்ணீர் லாரிக்கு ஒன்று. யாருடைய பேத்தியின் பிறந்த நாளுக்கோ ஒன்று. இதற்கும் ஒன்று. பாலத்தின் மேல் சேர்த்துவைத்த சினமெல்லாம் இப்போது போவதற்கு வேறு வீடு இல்லாமல் அவரிடமே திரும்பி வந்தது.

நிறுவனத்தைத் தொடங்கிய அவருடைய தந்தை கலீமுல்லா ஒரு வழக்கம் வைத்திருந்தார். முட்டுகளை எடுக்கச் சொன்னவர் எவரோ, அவர் கடைசி முட்டு வெளியே வரும்வரை அந்தத் தளத்தின் அடியில்தான் நிற்க வேண்டும்.

“திரும்ப நிறுத்துறதுக்கு எத்தனை பேர் வேணும்?” என்று நஸ்ருன்னிசா கேட்டார்.

“நானும் இன்னொருத்தனும் போதும்.”

“நானும் வரேன்.”

“ஐயோ, நீங்க இன்னாத்துக்கு மேடம்? நாங்க பாத்துக்கறோம்.”

“எடுக்கச் சொன்னது யாரு?”

அய்யாதுரை ஒருகணம் பார்த்தார். “பெரிய பாய் மாதிரியே நிக்கறீங்க” என்று முணுமுணுத்து, தலைக்கவசம் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார்.

அடியில் சிமெண்டின் ஈர மணம் தங்கியிருந்தது. நஸ்ருன்னிசா கைவிளக்கை மேலே பிடித்தபடி, நாற்காலியைக் காலால் வெளியே தள்ளிவிட்டு நின்றார். முதல் முட்டு நின்றது. “மெல்ல திருகுங்க. தொட்டா போதும், தூக்கக் கூடாது.” இரண்டாவது. மூன்றாவதை நிறுத்தும்போது, மேலிருந்து ஒரு சிட்டிகை மணல் அவருடைய தோளில் உதிர்ந்தது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றனர். இறுகுவதற்காக மேலே தண்ணீர் தேக்கியிருந்த தளம் அசைவின்றி இருந்தது. “உம், அடுத்தது” என்றார்.

எட்டு முட்டுகளும் நின்ற பிறகுதான், விளக்கின் ஒளியில் தளத்தின் அடிப்புறத்தில் ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி அளவுக்கு மெல்லிய விரிசல். ஒரு முழ நீளம். நஸ்ருன்னிசா சுண்ணக்கட்டியை வாங்கி, ஏணியில் ஏறி, விரிசலின் இரு முனைகளிலும் குறுக்கே கோடிட்டு, தேதியையும் நேரத்தையும் எழுதினார். நாளை அது அந்தக் கோடுகளைத் தாண்டினால் தளத்தையே இடிக்க வேண்டியிருக்கும்.

வெளியே வந்தபோது ஃபைசான் மூச்சிரைக்க நின்றிருந்தார்.

“ஆபா, அந்தச் சாக்பீஸ அழிச்சிடலாம். ஸ்கூல்காரங்க பாத்தா வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க.”

“பாக்கட்டும். நானே போன் பண்ணிச் சொல்லப் போறேன். இன்னிக்கு உன்ன விடக் கூடாதுன்னுதான் வந்தேன். நானே படிக்கல, உன்ன என்ன சொல்ல? ஆனா படத்துக்காக ஜாக்கிய எடுக்கச் சொன்ன பாரு, அத நான் மறக்க மாட்டேன்.”

சான்ட்ரா தயக்கத்துடன் அருகில் வந்தார். “மேடம், படம் இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?”

“இன்னிக்கே எடுங்க. ஜாக்கி எல்லாம் தெரியணும். கோடும் தெரியணும்.” அவருடைய கையிலிருந்த தாளை வாங்கி, ஓவியத்தை அடித்தார், இமயமலையை அடித்தார். சாகசம் என்ற சொல்லுக்கு எதிரே, சுண்ணாம்பு படிந்த விரல்களால் ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

சான்ட்ரா அதை வாய்விட்டுப் படித்தார். “‘படிக்காமல் சம்மதம் சொன்னேன்.’ இதையா மேடம் போடணும்?”

“இதத்தாங்க போடணும்.”

ஃபைசான் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, அந்த மெத்தை நாற்காலியில் அமர்ந்தார். நஸ்ருன்னிசா நடனப் பள்ளியின் எண்ணைத் தேடி எடுத்து, முற்றத்தின் ஓரத்துக்குப் போய், மறுமுனையில் யாராவது எடுப்பதற்காகக் காத்து நின்றார். தோளில் இருந்த மணலை அவர் தட்டிவிடவில்லை.